பிள்ளைகளின் அடினொயிட் வீக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு மாவட்டத்தில் பிள்ளைகள் வார்டில் வேலை செய்கிற தாதி உத்தியோகத்தர் நான். வார்டில் மட்டுமல்ல, பஸ்ஸிலும் கலியாண வீட்டிலும் சந்தையிலும் தாய்மார் என்னை மறித்துக் கேட்கிற சந்தேகங்களில் அடினொயிட் பற்றியவை நிறைய. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை எழுதிப் பதிலும் சொல்லியிருக்கிறேன். இதை வாசித்துவிட்டு வீட்டிலேயே மருந்து தொடங்க வேண்டாம். டொக்டரிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்குத்தான் இது.

"துண்டுல அடினொயிட் எண்டு எழுதித் தந்திருக்காங்க மிஸ். அது என்ன, கட்டியா?"

கட்டி இல்லை. புற்றுநோயும் இல்லை. மூக்கு பின்பக்கமாகப் போய்த் தொண்டையோடு சேர்கிற இடத்தில், உள்நாக்குக்கும் மேலே, எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிற மென்மையான சதைதான் அடினொயிட். டொன்சிலும் இதே வகைதான். மூச்சோடு உள்ளே வருகிற கிருமிகளை உடம்புக்கு அடையாளம் காட்டுவது இவற்றின் வேலை.

பிறந்த பிறகு இது மெல்ல மெல்ல வளரும். 3 வயதிலிருந்து 7 வயது வரையான காலத்தில்தான் ஆகப் பெரிதாக இருக்கும். பிறகு சுருங்கத் தொடங்கி, பெரிய பிள்ளையாகும்போது அநேகமாக இல்லாமலே போய்விடும். பிரச்சினை என்னவென்றால், இது பெரிதாக இருக்கிற அந்த வயதில் மூக்கின் பின்வழி மிகவும் ஒடுக்கம். அதனால்தான் சின்னப் பிள்ளைகளுக்கு மூக்கு அடைபடுகிறது.

"நான் டோர்ச் அடிச்சுப் பார்த்தன், மூக்குக்குள்ள சிவப்பாச் சதை தெரியுது. அதுதானே?"

அது இல்லை. மூக்குத் துவாரத்துக்குள் பக்கச் சுவரில் சிவப்பாகத் தெரிவது எல்லோருக்கும் உள்ள மூக்கு மடிப்பு. ஒவ்வாமை இருந்தால் அது வீங்கும். வாயைத் திறந்தால் இரண்டு பக்கமும் உருண்டையாகத் தெரிவது டொன்சில். அடினொயிட்டை வீட்டில் யாரும் பார்க்க முடியாது. அதைக் கண்ணால் தேடுவதை விட, பிள்ளை நித்திரையில் எப்படி மூச்சு விடுகிறது என்று பாருங்கள். அதிலிருந்து உங்களுக்குக் கூடுதலாகத் தெரியும்.

"ஐஸ்கிரீம் குடுத்ததாலயா வந்தது? மாமி என்னைத்தான் ஏசுறா."

ஐஸ்கிரீம், தயிர், வாழைப்பழம், இளநீர், தலை முழுக்கு எதுவும் அடினொயிட்டை வளர்க்காது. மாமியிடம் தாராளமாகச் சொல்லலாம்.

திரும்பத் திரும்ப வருகிற தடிமன்தான் முக்கிய காரணம். நேர்சரிக்குப் போகத் தொடங்கின பிள்ளை வருடத்தில் பல தடவை தடிமன் பிடித்து வரும். அதுவும் மாரி காலத்தில் ஒன்று முடிய மற்றது தொடங்கும். ஒவ்வொரு தடவையும் அந்தச் சதை வீங்கும், முழுதாக வற்றுவதற்குள் அடுத்தது வந்துவிடும். ஒவ்வாமையும் புகையும் இதைக் கூட்டும். வீட்டுக்குள் சிகரெட், பூட்டின அறையில் நுளம்புத்திரி, பிள்ளை படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் விறகடுப்பு, வளவில் குப்பை எரிப்பு ஆகியவற்றை நிறுத்தினாலோ தள்ளி வைத்தாலோ பிள்ளைக்கு உதவும். டெங்கு இருக்கிற ஊரில் நுளம்பை விட்டுவிடச் சொல்லவில்லை. திரியை விட்டுவிட்டு வலை கட்டுங்கள்.

"குறட்டை விடுறான் எண்டா நல்லா அயர்ந்து தூங்குறான் எண்டுதானே அர்த்தம்?"

இதைத்தான் ஆகக்கூடுதலாகக் கேட்கிறார்கள். நான் ஆகக்கூடுதலாகக் கவலைப்படுவதும் இதைக் கேட்டுத்தான். தடிமன் இருக்கும்போது நாலைந்து நாள் குறட்டை விடுவது சாதாரணம். தடிமன் இல்லாத நாட்களிலும், கிழமையில் பெரும்பாலான இரவுகளில், சத்தமாகக் குறட்டை விடுகிற பிள்ளை நன்றாகத் தூங்கவில்லை. மூச்சுக்காக உழைத்துக்கொண்டிருக்கிறது.

ஓர் இரவு பக்கத்தில் இருந்து பாருங்கள். குறட்டை திடீரென்று நிற்கிறதா, நெஞ்சு அசைந்தும் காற்று போகாமல் சில வினாடி இருந்து, பிறகு திணறினது போல ஒரு பெரிய மூச்சு இழுக்கிறதா? கழுத்தைப் பின்னால் வளைத்து, வாயைத் திறந்து படுக்கிறதா? நெஞ்சு உள்ளே குழி விழுகிறதா? தலையணை நனைகிற அளவுக்கு வியர்க்கிறதா? பாயில் மூத்திரம் போவதை நிறுத்தின பிள்ளை திரும்பவும் போகிறதா? இவை நித்திரையில் மூச்சுத் தடைப்படுவதன் அடையாளங்கள். போனில் இரண்டு மூன்று நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். கிளினிக்கில் பகலில் விழித்திருக்கிற பிள்ளையைப் பார்த்து டொக்டர் அறிய முடியாததை அந்த வீடியோ காட்டும்.

நித்திரை கெட்ட பெரியவர் பகலில் சோர்ந்து விழுவார். பிள்ளைகள் பல நேரம் அதற்கு மாறாக நடப்பார்கள். ஓரிடத்தில் இருக்காமல், எதற்கெடுத்தாலும் கோபம், அழுகை, அடம். "சரியான குழப்படி" என்று பேர் வாங்குகிற பிள்ளைகளில் சிலருக்கு இரவு மூச்சு ஒழுங்காக இல்லை என்பதுதான் உண்மை. கடுமையான தடையை நெடுநாள் கவனிக்காமல் விட்டால் வளர்ச்சி குறையும், இதயத்துக்கும் சுமை ஏறும். நித்திரையில் உதடு நீலமாக மாறினால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. 1990 அம்புலன்ஸுக்கு எடுத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

"வகுப்பில சொல்றது கேக்கிறான் இல்ல எண்டு டீச்சர் கொப்பியில எழுதி விட்டிருக்கா. அதுக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம்?"

நிறைய சம்பந்தம் உண்டு. நடுக்காதிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு சின்னக் குழாய் வருகிறது. அது திறக்கிற வாய் அடினொயிட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கானின் வாய் அடைபட்டால் தண்ணீர் தேங்குகிற மாதிரி, அந்தக் குழாய் ஒழுங்காகத் திறக்காவிட்டால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கும். வலி இருக்காது, சீழ் வராது, காய்ச்சலும் இல்லை. காது மட்டும் மந்தமாகும். டிவி சத்தத்தைக் கூட்டுவான், பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டான், கடைசி வாங்கில் இருந்தால் பாடம் பாதிதான் கேட்கும். 1868இல் கொப்பன்ஹேகனில் வில்ஹெல்ம் மேயர் என்ற வைத்தியர் இந்த நோயை முதன்முதலில் விளக்கி எழுதியபோதே, மூக்கடைப்போடு காது மந்தத்தையும் சேர்த்துத்தான் எழுதினார்.

இந்த நீர் பல பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்குள் தானாக வற்றிவிடும். அதனால் டொக்டர் மூன்று மாதம் பார்ப்போம் என்று சொன்னால் அவர் அக்கறையில்லாமல் சொல்லவில்லை. அந்த மூன்று மாதமும் பிள்ளையை முன் வாங்கில் இருத்தும்படி டீச்சரிடம் நேரே போய்ச் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்து, கிட்ட நின்று பேசுங்கள். கேட்காத பிள்ளைக்கு அடி போடாதீர்கள்.

"எங்க காட்டுறது? கொழும்புக்கே போகணுமா?"

கொழும்பு வேண்டியதில்லை. பக்கத்து ஆதார வைத்தியசாலையில், களுவாஞ்சிகுடியோ வாழைச்சேனையோ காத்தான்குடியோ அக்கரைப்பற்றோ, வெளிநோயாளர் பிரிவில் காட்டினால் காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தருவார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் அந்தக் கிளினிக் இருக்கிறது. அரச ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கும் ஒப்பரேஷனுக்கும் காசில்லை. தனியாரில் காசு கட்டிச் சனல் பண்ணிக் காட்டினாலும் பரவாயில்லை, ஒப்பரேஷனை அரச ஆஸ்பத்திரியில் செய்யலாமா என்று அங்கேயே கேளுங்கள். வாகரை, கதிரவெளி மாதிரி தூர இடங்களிலிருந்து வருபவர்கள் காதுப் பரிசோதனையையும் அதே நாளில் செய்ய முடியுமா என்று முன்கூட்டியே விசாரித்தால் இன்னொரு பயணம் மிச்சம்.

போகும்போது பிள்ளையின் கிளினிக் கொப்பி, இதுவரை குடுத்த மருந்துப் போத்தல்கள், மேலே சொன்ன வீடியோ மூன்றையும் கொண்டு போங்கள்.

"மூக்குக்குள்ள கமெரா விடுவாங்களாம். எக்ஸ்ரே எடுத்தாப் போதாதா?"

கமெரா என்பது மெல்லிய, வளைகிற குழாய். கூச்சமாக இருக்கும், பிள்ளை அழும், ஆனால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். சதை எவ்வளவு வழியை அடைத்திருக்கிறது என்பது நேரில் தெரியும். எக்ஸ்ரே பக்கவாட்டில் எடுப்பார்கள். அதில் ஒரு சிக்கல்: பிள்ளை அழுதுகொண்டோ வாயைத் திறந்துகொண்டோ இருந்தால் படத்தில் வழி இருப்பதை விட வேறு மாதிரித் தெரியும். எதை எடுப்பது என்பது பிள்ளையின் ஒத்துழைப்பைப் பொறுத்தது. காதுக்கு, செவிப்பறை அசைவைப் பார்க்கிற வலியில்லாத ஒரு பரிசோதனையும் கேட்டல் பரிசோதனையும் உண்டு. படத்தில் சதை பெரிதாகத் தெரிந்தாலும் பிள்ளை நன்றாகத் தூங்கி நன்றாகக் கேட்டால் அவசரம் ஒன்றும் இல்லை.

"ஸ்பிரே தந்திருக்காங்க. ஸ்டீரொயிட் எண்டு பாமசியில சொன்னாங்க, பயந்து அடிக்கல்ல."

பயம் எனக்கு விளங்குகிறது, ஆனால் அடியுங்கள். மூக்குக்குள் அடிக்கிற இந்த மருந்தில் இரத்தத்துக்குப் போகிற அளவு மிகக் குறைவு. வாயால் குடிக்கிற ஸ்டீரொயிட்டோடு இதை ஒப்பிட வேண்டாம். சில வகைகளை 2 வயதிலிருந்து பாவிக்கலாம், சிலவற்றை 4 வயதிலிருந்து. அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போத்தலை வாங்கி அடிக்கக் கூடாது. அடித்த அன்றே மூக்குத் திறக்காது. பலன் தெரிய இரண்டு மூன்று கிழமை வேண்டும், அநேகமாக ஒன்றிலிருந்து மூன்று மாதம் வரை தருவார்கள். மூன்றாம் நாளே "இது சரிவராது" என்று நிறுத்தினவர்கள்தான் என்னிடம் அதிகம் வந்திருக்கிறார்கள்.

அடிக்கிற விதமும் முக்கியம். முதலில் உப்புநீர்த் துளி விட்டு மூக்கைச் சீந்தச் சொல்லுங்கள். தலையைக் கொஞ்சம் முன்னால் குனிய வையுங்கள், அண்ணாந்து பார்க்க வைக்காதீர்கள். ஸ்பிரேயின் நுனியை நடுச்சுவர்ப் பக்கம் திருப்பாமல் அதே பக்கக் கண்ணின் வெளி ஓரத்தைப் பார்த்துப் பிடியுங்கள். நடுச்சுவரில் பட்டால் இரத்தம் கசியும். இரத்தம் வந்தால் இரண்டு நாள் நிறுத்தி, பிடிக்கிற கோணத்தைத் திருத்துங்கள். அப்படியும் நிற்காவிட்டால் டொக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. பாமசியில் துண்டில்லாமல் வாங்குகிற, அடித்த உடனே மூக்கைத் திறக்கிற துளிமருந்து வேறு. அது ஒரு சில நாட்களுக்கு மட்டும்தான். தொடர்ந்து விட்டால் அடைப்பு முன்னையதை விட மோசமாகும். சின்னப் பிள்ளைகளுக்கு டொக்டர் சொல்லாமல் விடவே கூடாது.

"வேது பிடிச்சா கரையாதா? கொத்தமல்லி, விக்ஸ், பிரிட்டன் (Piriton) சிரப் எல்லாம் குடுத்துப் பாக்கிறம்."

கொத்தமல்லி குடிநீர் இளஞ்சூடாகக் குடிப்பதில் கெடுதல் இல்லை, ஆனால் சதையைச் சுருக்காது. வேது பிடிக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். கொதிநீர்ச் சட்டி கவிழ்ந்து தொடையும் வயிறும் வெந்த பிள்ளைகளை நாங்கள் வார்டில் பார்க்கிறோம். தடிமனுக்குச் செய்யப்போய் மாதக்கணக்காகக் கட்டுப் போடுகிற நிலை வரும். விக்ஸை மூக்குக்குள் தடவக் கூடாது. 2 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு உடம்பிலும் பூசக் கூடாது. மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் போகலாம்.

பிரிட்டன் சிரப் ஒவ்வாமைத் தும்மலுக்கு உதவும், அடினொயிட்டுக்கு உதவாது. தூக்கத்தைத் தருகிற மருந்து அது. இரவில் மூச்சுத் தடைப்படுகிற பிள்ளைக்குத் தூங்க வைப்பதற்காக அதைக் குடுப்பது ஆபத்து.

"அன்டிபயோட்டிக் ஒரு கோர்ஸ் போட்டா வத்தாதா? இரவில சப்புற ஒரு குளிசையும் தந்தாங்க."

சளி பச்சையாக வருவது மட்டும் அன்டிபயோட்டிக்குக் காரணம் ஆகாது. கிருமித் தொற்று உறுதியானால் டொக்டர் தருவார், வீக்கத்தை வற்ற வைக்க அது இல்லை.

சப்புகிற குளிசை அநேகமாக மொன்டிலூகாஸ்ட். சில பிள்ளைகளுக்கு அடைப்பைக் குறைக்கும். ஆனால் இதைக் குடிக்கும்போது சிலருக்குக் கெட்ட கனவு, எரிச்சல், வழமையில்லாத சோகம், நடத்தை மாற்றம் வரலாம். அமெரிக்க மருந்து ஆணையம் 2020இல் இதற்குக் கடும் எச்சரிக்கை போட்டது. பிள்ளையின் குணம் மாறினது போலத் தெரிந்தால் டொக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

"வளர வளரச் சுருங்கும் எண்டு நீங்களே சொன்னீங்க. அப்ப ஏன் ஒப்பரேஷன்?"

நியாயமான கேள்வி. லேசான மூக்கடைப்பு மட்டும் என்றால் காத்திருக்கலாம், காத்திருக்கவும் வேண்டும். நெதர்லாந்தில் 2011இல் வெளியான ஆய்வில், அடிக்கடி தடிமன் வருகிறது என்பதற்காக மட்டும் அடினொயிட்டை எடுத்த பிள்ளைகளுக்கு, எடுக்காத பிள்ளைகளை விடத் தடிமன் குறையவில்லை. ஆகவே "தடிமன் ஓயுதில்லை, வெட்டிவிடுங்கள்" என்பது சரியான காரணம் இல்லை.

நித்திரையும் காதும்தான் தீர்மானிக்கின்றன. 3 வயதில் மூச்சுத் திணறுகிற பிள்ளையை 10 வயதில் சுருங்கும் என்று விட்டுவைக்க முடியாது. அந்த ஏழு வருடத்தில்தான் பேச்சும் படிப்பும் வளர்ச்சியும் நடக்கின்றன. அமெரிக்காவில் 2013இல் வெளியான ஆய்வொன்றில், நித்திரையில் மூச்சுத் தடை உள்ள 5 முதல் 9 வயதான 464 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். டொன்சிலும் அடினொயிட்டும் எடுத்தவர்களில் ஏழு மாதத்தில் 79 வீதமானோருக்கு நித்திரைப் பரிசோதனை சீரானது. எடுக்காமல் காத்திருந்தவர்களிலும் 46 வீதமானோருக்குச் சீரானது. இரண்டு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். ஒப்பரேஷன் தெளிவாக உதவுகிறது, ஆனால் லேசான பிள்ளைக்குக் காத்திருப்பதும் தவறான முடிவில்லை. மிகக் கடுமையான பிள்ளைகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை, அவர்களுக்குக் காத்திருப்பது பொருந்தாது.

"எங்க வெட்டுவாங்க? மயக்க மருந்து குடுத்தாப் புள்ள எழும்புமா எண்டுதான் உம்மம்மா அழுறா."

வெளியில் ஒரு கீறலும் இல்லை, தையலும் இல்லை. முழு மயக்கத்தில் வாய் வழியாகச் செய்வார்கள். சதையைச் சுரண்டியோ சூட்டால் கருக்கியோ எடுப்பது அரை மணித்தியாலத்துக்குள் முடியும். காதில் நீர் மாறாமல் இருந்தால் செவிப்பறையில் சின்னக் குழாயும், டொன்சில் பெரிதென்றால் அதையும் அதே மயக்கத்தில் செய்துவிடுவார்கள். காதுக் குழாய் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் அநேகமாகத் தானாக விழும். அது இருக்கும் வரை காதுக்குள் சவர்க்காரத் தண்ணீர் போகாமல் பாருங்கள். வாவியிலும் கடலிலும் முங்க விடுவது பற்றி டொக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

உம்மம்மாவுக்குச் சொல்லுங்கள்: மயக்க மருந்து டொக்டர் முதலிலிருந்து கடைசி வரை பிள்ளையின் பக்கத்திலேயே நிற்பார். ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆரோக்கியமான பிள்ளைக்கு அது மிக மிகக் குறைவு. அதைக் குறைப்பதில் உங்களுக்கும் பங்கு உண்டு. முதல் நாள் சொல்கிற நேரத்துக்குப் பிறகு சாப்பாடு குடுக்கவே கூடாது. வழமையாகத் திண்ம உணவுக்கு ஆறு மணித்தியாலம், தாய்ப்பாலுக்கு நாலு. "பாவம் பசிக்குது" என்று ஒளித்து ஒரு பிஸ்கட் குடுத்தால், மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போகலாம். குடும்பத்தில் யாருக்காவது பல் பிடுங்கி இரத்தம் நிற்காமல் போயிருந்தால், மயக்க மருந்தால் பிரச்சினை வந்திருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

"திகதி குடுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க. தடிமனாம். அதுக்குத்தானே செய்யப் போறாங்க?"

அலைச்சல் கஷ்டம்தான். ஆனால் காய்ச்சலும் சளியும் உள்ள நேரத்தில் மயக்கம் குடுத்தால் மூச்சுக்குழாய் இறுகுகிற ஆபத்து கூடுகிறது. இரண்டு முதல் நாலு கிழமை தள்ளுவது பிள்ளையின் நன்மைக்கே. முதல் நாளே தடிமன் தெரிந்தால் வார்டுக்குப் போன் பண்ணிக் கேளுங்கள், பயணம் மிச்சமாகும்.

"எடுத்தா எதிர்ப்புச் சக்தி போயிடுமாமே?"

அதே வகைச் சதை டொன்சிலிலும் நாக்கின் அடியிலும் கழுத்திலும் குடலிலும் நிறைய இருக்கிறது. எடுத்த பிள்ளைகள் தொற்றுக்கு எளிதில் ஆளாவதைக் கிளினிக்கில் நாங்கள் காண்பதில்லை. 2018இல் டென்மார்க்கில் சுமார் 12 இலட்சம் பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்து, சிறு வயதில் இவற்றை எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் சுவாச நோய்கள் கூடுதலாக இருந்ததாக எழுதினார்கள். அது பதிவேட்டு ஆய்வு. எடுத்த பிள்ளைகள் முதலிலேயே நோய்வாய்ப்பட்டவர்கள், அதனால் எது காரணம் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. என் கருத்து: தேவையில்லாமல் எடுக்கக் கூடாது என்பதற்கு அது நல்ல காரணம். மூச்சுத் திணறுகிற பிள்ளைக்குத் தேவையான ஒப்பரேஷனைத் தள்ளிப்போட அது காரணமில்லை.

"வீட்டுக்கு விட்டாச்சு. என்ன குடுக்கிறது, எதுக்குப் பயப்படுறது?"

முதல் நாள் குளிர்ந்ததும் இளஞ்சூடானதும். கஞ்சி, குழைசாதம், சொதியில் ஊறின இடியப்பம், யோகட், ஆம், ஐஸ்கிரீமும்தான். அடினொயிட் மட்டும் என்றால் அடுத்த நாளே வழமையான சாப்பாட்டுக்குத் திரும்பலாம். டொன்சிலும் எடுத்திருந்தால் முறுக்கு, மிக்சர், கச்சான் மாதிரி கரடானவை இரண்டு கிழமைக்கு வேண்டாம். வாய் நாறும், குரல் மூக்கால் வரும், காது கொஞ்சம் நோகும். ஒரு கிழமை, பத்து நாளில் அடங்கும். பள்ளிக்கூடம் ஒரு கிழமைக்குப் பிறகு. டொன்சிலும் என்றால் இரண்டு கிழமை.

நோவுக்கு பனடோல் சிரப், பிள்ளையின் நிறைக்கு எழுதித் தந்த அளவில், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. அஸ்பிரின் கூடாது. கோடீன் சேர்ந்த எந்த மருந்தும் கூடாது. புரூபன் மாதிரி மருந்துகளை டொக்டர் சொல்லாமல் குடுக்க வேண்டாம், எங்கள் பக்கத்தில் காய்ச்சல் என்றால் டெங்குவாகவும் இருக்கலாம், டெங்குவில் இவை இரத்தக்கசிவைக் கூட்டும்.

பழைய கறுத்த இரத்தத்தை ஒரு தடவை சத்தி எடுத்தால் பயப்பட வேண்டாம். மூக்காலோ வாயாலோ புதுச் சிவப்பு இரத்தம் வந்தால், நித்திரையில் அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தால், உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். விழுங்குவது இரத்தமாக இருக்கலாம். தண்ணீர் குடிக்காமல் மூத்திரம் குறைந்தாலும், கழுத்தைத் திருப்ப முடியாமல் சில நாள் ஒரு பக்கம் பிடித்தபடியே இருந்தாலும் அப்படித்தான்.

"குடிக்கிற தண்ணி மூக்கால வருது, பேச்சும் ஒரு மாதிரி. பிழையாச் செஞ்சிட்டாங்களா?"

முதல் ஒன்றிரண்டு கிழமையில் இப்படி வரலாம். அடினொயிட் பெரிதாக இருந்தபோது அண்ணம் கொஞ்சம் உயர்ந்தாலே மூக்கு வழி மூடுண்டது. இப்போது அதே அண்ணம் கூடத் தூரம் உயர வேண்டும், பழக நாள் எடுக்கும். சில மாதமாகியும் மாறாவிட்டால் பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்புவார்கள். உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருக்கிற பிள்ளைகளுக்கும் அண்ணப் பிளவு உள்ள பிள்ளைகளுக்கும் இது நிலையாக வரக்கூடும். அதனால் ஒப்பரேஷனுக்கு முன் டொக்டர் அண்ணத்தைத் தொட்டுப் பார்ப்பார். கைக்குழந்தையில் பால் மூக்கால் வந்திருந்தால் அதை முதல் கிளினிக்கிலேயே சொல்லுங்கள்.

"எடுத்து ஒரு வருசம். இப்ப திரும்பக் குறட்டை விடுறாள். திரும்ப வளர்ந்திட்டா?"

வளரலாம், ஆனால் சிலருக்குத்தான், அதுவும் மிகச் சின்ன வயதில் எடுத்தவர்களுக்கு. அதை விட வேறு காரணங்களே அதிகம். அப்போது விட்டுவைத்த டொன்சில் இப்போது பெரிதாகியிருக்கலாம். ஒவ்வாமையால் மூக்கு மடிப்பு வீங்கியிருக்கலாம், அதற்கு ஸ்பிரேயைத் திரும்பத் தொடங்குவார்கள். நிறை கூடின பிள்ளைக்குக் கழுத்துக் கொழுப்பாலும் குறட்டை வரும். வழி திறந்த பிறகும் பழக்கத்தால் வாயாலேயே மூச்சு விடுகிற பிள்ளைகளும் உண்டு, அவர்களின் பல் வரிசையைப் பல் வைத்தியரிடமும் காட்டுங்கள். ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்து, நாற்றமான சளியோ இரத்தமோ வந்தால் அது வேறு விஷயம். சின்னப் பிள்ளை மணியோ விதையோ வைத்திருக்கலாம், வளர்ந்த ஆண் பிள்ளைக்கு வேறு வளர்ச்சி இருக்கலாம். அதை உடனே காட்ட வேண்டும்.

மற்றபடி, திரும்பவும் ஓர் இரவு வீடியோ எடுத்து, பழைய கிளினிக் அட்டையோடு அதே கிளினிக்குக்கே போங்கள். முதலில் என்ன எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்பது அவர்களின் பதிவில் இருக்கும்.